ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுங்கள்

ராசிபுரத்தில் பத்திரம் எழுதுவது என் தொழில். ஒரு பெண் தன் பேரில் இருக்கும் மூன்று சென்ட் மனையை விற்க வேண்டுமென்றால், அவளே சார் பதிவாளர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், விரல் ரேகை வைக்க வேண்டும், இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். "எழுதியிருக்கிறது எல்லாம் தெரியுமாம்மா? பணம் வந்துருச்சா?" என்று பதிவாளர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். புருஷன் எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் அவள் சொத்துக்கு அவர் கையெழுத்து செல்லாது. வர முடியாதவள் பவர் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பவரில் கையெழுத்துப் போடவும் அவள்தான் வர வேண்டும்.

அதே பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்து, சதைப் பரிசோதனை முடிவு கைக்கு வரும் நாளில் நடப்பது வேறு. "கூட ஆம்பளை யாரு வந்திருக்கீங்க?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். புருஷனோ கொழுந்தனோ மகனோ எழுந்து போவார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. குளிக்கும்போது இடது மார்பின் மேல்பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்காத கட்டிதானே என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். இந்த நோயில் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், மேமோகிராம் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, 'டக்' 'டக்' என்று சத்தம் போடும் ஒரு கருவியால் சதைத் துணுக்குகளை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் உள்ளே போனார்கள். வெளியே வந்த வீட்டுக்காரர், "ஒண்ணுமில்ல அம்முணி, நீர்க்கட்டிதானாம். சின்ன ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாச் சரியாப் போயிரும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துச் சொன்னார்.

அதன் பிறகு வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. வருஷக்கணக்கில் பேசாதிருந்த நங்கை ஆப்பிள் பையோடு வந்தார். தங்கச்சி காரணமே இல்லாமல் சமையலறையில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். என் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

எனக்கு அதைச் சொன்னது ஒரு ஃபாரம். அட்மிஷன் போட்ட அன்று சாயங்காலம் சிஸ்டர் அதை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துங்க, அடியில ஒண்ணு" என்றார். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பிழைப்பவள் நான். கண்ணாடியை எடுத்து மாட்டினேன். ஃபாரம் முழுக்க ஆங்கிலம். அச்சு வரிகளுக்கு நடுவே நீல மையில், 'கார்சினோமா, லெஃப்ட் பிரெஸ்ட்' என்று எழுதியிருந்தது. அடுத்த கோட்டில் 'மாடிஃபைட் ராடிகல் மாஸ்டெக்டமி'. உறவினர் கையொப்பம் என்ற இடத்தில் என் வீட்டுக்காரரின் கையெழுத்து ஏற்கெனவே ஏறியிருந்தது.

"மாஸ்டெக்டமின்னா என்னங்க சிஸ்டர்?"

அந்தப் பெண் திகைத்துப்போய், "சார் உங்ககிட்டச் சொல்லலைங்களா?" என்றார்.

நான் பேனாவை மூடி வைத்தேன். டாக்டர் வந்தார். கோபப்படவில்லை. திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். எந்த வகைப் புற்று, எந்தக் கட்டம், அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைக்கலாமா, முழுவதும் எடுக்க வேண்டுமா, மருந்து ஏற்றினால் முடி கொட்டுமா என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். எனக்குக் கட்டி ஒரே மார்பில் வெவ்வேறு இரண்டு இடத்தில் இருந்தது. முழுவதும் எடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அதே ஆபரேஷனுக்குத்தான். "அப்புறம் என்னங்க வித்தியாசம்?" என்று கொழுந்தனார் இன்றைக்கும் கேட்கிறார். மயக்கம் தெளிந்த பிறகு கட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வது ஒன்று. முன்னாலேயே தெரிந்து, அழுது முடித்து, நானாகத் தலையாட்டிவிட்டுத் தியேட்டருக்குப் போவது வேறொன்று. முதலாவது என்மேல் நடந்த காரியமாக இருந்திருக்கும். இரண்டாவது நான் செய்துகொண்ட காரியம்.

அன்பினால் போட்ட பூட்டு

மறைக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் அந்த ரிப்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார். "உனக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிருவேன்னு நெனச்சேன்" என்றார். உடைந்து போனது அவர்தான். டாக்டர்களின் நிலைமையும் தெரியும். ஓ.பி. வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது, அழுகிற பெண்ணிடம் பேசுவதைவிடத் தலையாட்டுகிற ஆணிடம் பேசுவது சீக்கிரம் முடிகிற வேலை.

இந்த வழக்கம் ஒரு காலத்தின் மிச்சம். 1923-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. புற்று என்றால் சாவு என்று மட்டுமே இருந்த அந்த நாளில், சொல்லாமல் விடுவதில் ஒரு கருணை இருந்திருக்கலாம். இன்றைக்கு நிலைமை அது இல்லை. 2010-14 காலத்தில் மார்புப் புற்றுநோய் கண்டறியப்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 66 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டியதாக உலக அளவிலான ஆய்வு ஒன்று சொல்கிறது. அமெரிக்காவில் அது 90. நடுவில் இருக்கும் அந்த இடைவெளிக்கு முக்கியமான காரணங்கள், தாமதமாக வருவதும் சிகிச்சையைப் பாதியில் விடுவதும். இரண்டையும் இந்த மறைப்பு வளர்த்துவிடுகிறது.

பாதியில் விடுவதைப் பாருங்கள். நீர்க்கட்டி என்று சொல்லி ஆபரேஷன் முடித்த பெண்ணுக்கு, அதற்குப் பிறகு எதற்காக மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகிறார்கள் என்று புரியாது. இரண்டு தடவை வாந்தி எடுத்தவள், "கட்டிதான் போயிருச்சே, இன்னும் எதுக்கு?" என்று நிறுத்திவிடுவாள். ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை என்றால் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையைக் குறைந்தது 5 ஆண்டுகள், சிலர் 10 ஆண்டுகள் வரைகூடத் தினமும் விழுங்க வேண்டும். இல்லாத நீர்க்கட்டிக்காக ஐந்து வருஷம் யார் மாத்திரை சாப்பிடுவார்கள்?

தாமதமும் அப்படித்தான். நோய் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரை முடிவுகள் ஆண்கள் கூடும் திண்ணையில் எடுக்கப்படுகின்றன. சீட்டு எடுப்பதா, ஆடு விற்பதா, ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா, கொல்லிமலை வைத்தியரை ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று பேச்சு நீளும். 'கத்தி பட்டாப் பரவிரும்' என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். பயாப்சியால் நோய் பரவிவிடுவதில்லை என்று டாக்டர்கள் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவசரம் யாருக்கு இருக்கிறதோ அவள் அந்தத் திண்ணையில் இல்லை. கட்டி என்று பெண் மருத்துவமனைக்கு வந்த 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிந்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. தனக்கு என்ன என்று தெரிந்த பெண்தான் அந்த நாட்களை எண்ணுவாள்.

மூன்றாவது, ரத்த உறவு. மார்புப் புற்றுநோயில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் ஏற்படுவது. தாய்க்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் மகளும் தங்கையும் சீக்கிரமே பரிசோதனை தொடங்க வேண்டும். 'பொண்ணு கல்யாணம் முடியட்டும்' என்று மூடி வைக்கும்போது, அந்தப் பெண்ணிடமிருந்துதான் முதலில் மறைக்கிறோம்.

அழிக்கச் சொன்ன வரி

என் சிகிச்சை முடிந்து நான் மறுபடி வேலைக்கு வந்த பிறகு, வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தறிக்காரக் குடும்பம் கிரயம் எழுத வந்தது. நிலம் அம்மாவின் பேரில் இருந்தது. எந்தச் செலவுக்காக விற்கிறார்கள் என்று பத்திரத்தில் எழுதுவது வழக்கம். மகன் சொன்னபடி, 'குடும்ப அவசியச் செலவுக்காகவும் மருத்துவச் செலவுக்காகவும்' என்று அடித்து வைத்திருந்தேன். படித்துப் பார்த்தவன் பதறிவிட்டான். "அக்கா, மருத்துவச் செலவுங்கற வரியை எடுத்துருங்க. அம்மா காதுல விழுந்துச்சுன்னாத் தெரிஞ்சு போயிரும்."

அந்த அம்மா தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். புருவத்தில் முடி இல்லை. எனக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வரியை எடுத்துவிட்டேன். பதிவு முடிந்து, படியில் செருப்பைத் தேடும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியுமுங்க. வார்டுல பக்கத்துக் கட்டில்காரி சொல்லிட்டா. பசங்க தாங்க மாட்டாங்கன்னுதான் தெரியாத மாதிரி இருக்கறேன்."

ஒரே வீட்டில் தாயும் மகனும் ஒருவரிடமிருந்து ஒருவர் அதே ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார், இரவில் எங்கே வலிக்கிறது, நகையை யாருக்குக் கொடுக்க நினைக்கிறார் என்பதை அவர் யாரிடம் பேசுவார்? பெரும்பாலான பெண்களிடமிருந்து இந்த நோயை மறைக்கவே முடிவதில்லை. அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதைத்தான் நாம் தடுத்து வைத்திருக்கிறோம்.

சட்டம் யார் பக்கம்?

டெல்லியில் 1995-ல் 44 வயதான சமிரா கோலி என்பவரை மயக்கத்தில் வைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்த மருத்துவர், வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வயது வந்த, சுயமாக முடிவெடுக்கும் திறன் உள்ள ஒரு பெண்ணுக்காக அவளுடைய தாய்கூடச் சம்மதம் கொடுக்க முடியாது. மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவளிடமே கேட்டிருக்க வேண்டும். உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய நிலை என்றால் மட்டுமே விதிவிலக்கு. சம்மதம் என்றால் வெறும் கையெழுத்து இல்லை என்றும், சிகிச்சை என்ன, அதில் உள்ள ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்று போதுமான அளவு தெரிவித்த பிறகு வாங்குவதுதான் சம்மதம் என்றும் அந்தத் தீர்ப்பு விளக்கியது.

ஆனால், 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகளைப் படித்தால், நோயின் நிலையை 'நோயாளி, உறவினர்கள் அல்லது பொறுப்பான நண்பர்கள்' அறிந்திருக்கச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அந்த 'அல்லது' வழியாகத்தான் கொழுந்தனார்கள் உள்ளே போகிறார்கள். பத்திரத்தில் இப்படி ஒரு 'அல்லது' போட்டால் நாளைக்கு வழக்கு வரும் என்று நாங்கள் அடித்துவிடுவோம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து, 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பொதுப் பார்வைக்கு வைத்த நோயாளிகள் உரிமைச் சாசனம், தகவல் பெறும் உரிமை, ரிப்போர்ட்டுகளைப் பெறும் உரிமை, இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கும் உரிமை எல்லாவற்றையும் நோயாளிக்கே தருகிறது. அதைத் தமிழில், ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதி வைப்பதில் என்ன சிரமம்?

இதை இப்போதே பேச வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. 2022-ல் இந்தியாவில் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக மார்புப் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 98,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கணக்கிட்டிருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) எப்போதாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் தேசிய அளவில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நம் மாநிலம் மேல் என்றாலும், நூற்றுக்கு ஆறு பேரைக்கூட எட்டவில்லை. மும்பையில் டாடா மருத்துவமனை 1998-ல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பகுதியினரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்தார்கள். 50 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த நோயால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், பழகிய ஒரு கையால் மட்டும்.

இங்கேயும் அந்தக் கைகள் பெருகிவருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களைப் பரிசோதிக்கிறார்கள். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாக இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆக, கட்டிகள் இனி அதிகமாகவும் முன்னதாகவும் கண்டுபிடிக்கப்படும். ஜவ்வரிசி ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் விசைத்தறியிலும் வேலை செய்யும் பெண்களிடம் அந்தச் செய்தியை யார், எங்கே, எப்படிச் சொல்வது என்பதற்கு நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

கேட்பது பெரிதல்ல. பதிவு செய்யும்போது அந்தப் பெண்ணின் போன் நம்பரை முதலில் எழுதுங்கள். இப்போது வீட்டு ஆணின் நம்பரைத்தான் எழுதுகிறார்கள். ரிப்போர்ட் வந்துவிட்டது என்ற செய்தி போவதும் அவருக்குத்தான். பயாப்சி எடுக்கும் அன்றைக்கே, "முடிவு வந்ததும் உங்ககிட்டயே சொல்லட்டுமா? கூட யார் இருக்கணும்?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அவள் விரும்பினால் புருஷனும் மகளும் பக்கத்தில் இருக்கட்டும். "எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவர்கிட்டயே பேசிக்குங்க" என்கிற பெண்களும் உண்டு. அதுவும் அவள் எழுதிக் கொடுக்கும் பவர்தான், மதிக்க வேண்டியது. ஆனால் அதைக் கொடுக்க வேண்டியவள் அவள். கெட்ட செய்தியைச் சொல்வதற்கென்று 2000-ல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மைய டாக்டர்கள் ஆறு படிகள் வகுத்தார்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்பது அதில் ஒரு படி. நம் மருத்துவ மாணவர்களின் பாடத்திட்டத்திலும் 2019 முதல் நோயாளியிடம் பேசும் பயிற்சி சேர்ந்திருக்கிறது. அது வகுப்போடு நின்றுவிடக் கூடாது.

சம்மத ஃபாரம் தமிழில் இருக்க வேண்டும். ஆபரேஷனின் பெயரை மட்டும் எழுதாமல், எந்தப் பாகத்தை எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும். அதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. நோயின் பெயர், கட்டம், அடுத்து என்ன சிகிச்சை, எத்தனை மாதம், காப்பீட்டு அட்டைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தமிழ்த் தாள் அவள் கையில் போக வேண்டும். படிக்கத் தெரியாதவளுக்கு சிஸ்டர் படித்துச் சொல்லட்டும்.

நம் ஊர்ப் புருஷர்களுக்கும் மகன்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கதவுக்குள் தனியாகப் போகாதீர்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் அழுவாள், அழட்டும். அழுது முடித்த பெண்தான் எட்டு மணிக்குப் பஸ் ஏறி மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிறாள். ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிடப் போவதும், மகளைக் கூப்பிட்டு "நீயும் ஒருக்காப் பாத்துக்க கண்ணு" என்று சொல்லப் போவதும் அவள்தான். அரசுக்கு ஆகும் செலவு ஒரு தாள், ஒரு ஸ்டூல், கொஞ்ச நேரம். சேலமும் நாமக்கல்லும் இதை அடுத்த பரிசோதனை முகாமிலிருந்தே தொடங்கலாம்.